உள்தாழ்ப்பாளும் வெளிப்பூட்டும்

படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குச் சட்டை மாட்டும் வித்தையைச் சட்டைக்காரி யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய், ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த கொஞ்ச நாளிலேயே அவருடைய நல்ல சட்டைகள் அத்தனைக்கும் அக்குளில் தையல் விட்டுப்போயிற்று. தூக்க வராத கையைத் துணிக்குள் நுழைக்க நுழைக்க அவருக்கு முகம் கோணும், இவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். ஒருநாள் ஆத்திரம் பொறுக்காமல் கத்தரியை எடுத்து, கழுத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சட்டையின் கையை நெடுக வெட்டிவிட்டாள். வெட்டிப் போட்ட பிறகுதான் புத்தியில் பட்டது. இப்படியே விரித்து மேலே போர்த்தி மூடினால் போதும், கையைத் தூக்கவே வேண்டாம். ஓரத்தை மடித்துத் தைத்து வரிசையாகப் பிரஸ் பட்டன் வைத்தாள். முதுகை இரண்டு பாதியாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி விட்டாள். புரட்டாமலே போடலாம், புரட்டாமலே கழற்றலாம்.

கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். அந்தப் படம் எந்தெந்த வீட்டுக்குள் போய் நுழைந்ததோ, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்க அம்மாவுக்கு ஒண்ணு, எங்க மாமனாருக்கு மூணு, கொஞ்சம் தொந்தி உண்டு, பார்த்துத் தைங்க. அப்படித்தான் அவள் சட்டைக்காரி ஆனாள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மாடிப்படி ஆள் எதிரே வந்தால் ஒதுங்க முடியாத அளவுக்குக் குறுகல். இருந்த ஒரே பெரிய அறையில் கட்டிலும் தையல் மிஷினும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் அவள் நாற்காலி நுழைகிற இடம்தான். மிஷின் ஓடினால் அவர் தூங்குவார், நின்றால் கண்ணைத் திறப்பார். அதனாலேயே நூல் மாற்றும்போதுகூடக் காலால் பெடலைச் சும்மா மிதித்துக்கொண்டிருப்பாள். காய்கறி, ரொட்டி, மருந்து எல்லாம் ஜன்னலிலிருந்து கயிற்றில் இறங்குகிற கூடையில் ஏறி வரும். தைத்த சட்டைகள் அதே கூடையில் பார்சலாக இறங்கும். கீழே பார்சல்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, "ஏத்துங்கம்மா, இறக்குங்கம்மா" என்று எப்போதும் தப்பாகவே சொல்வார்.

அவருக்குப் பேச்சும் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. சரி. பசித்தால் சரி, வலித்தால் சரி, டிவியில் ஆட்டம் தோற்றாலும் சரி. முன்பெல்லாம் அவர் வாயிலிருந்து வராத சொல் அது.

"இவரு இப்பதான் சரி சொல்லக் கத்துக்கிட்டாரு. நான் கல்யாணமான நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று குழுவில் ஒருநாள் சட்டைக்காரி சொன்னபோது, மற்ற மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் போன் மேசைமேல் அதிர்ந்தது.

குழுவை ஆரம்பித்தவள் சோப்புக்காரி. வாட்ஸப்பில் ‘வீட்டுக்கடைப் பாட்டிகள்’ என்று பேர் வைத்திருந்தாள். சேர்வதற்கு இரண்டு தகுதி வேண்டும் என்பாள். பேரப்பிள்ளை இருக்கவேண்டும், விற்பதற்கு ஒரு சரக்கு இருக்கவேண்டும். உறுப்பினர்கள் எத்தனையோ பேர், ஆனால் தினமும் பேசுகிறவர்கள் நான்கு பேர்தான். சோப்பு, கேக்கு, பொம்மை, சட்டை. அவரவர் போனில் பேரையும் அப்படித்தான் சேமித்திருந்தார்கள், கூப்பிடுவதும் அப்படித்தான். ஆளுக்கொரு ஊர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் சோப்பு வாங்கியவர் பார்சலைப் பிரித்தால் உள்ளே சட்டைக்கு ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். பிறந்தநாள் கேக்கு வாங்கியவருக்குப் பொம்மையின் படம் போகும். ஜன்னல் வெளிச்சத்தில் எப்படிப் படம் எடுப்பது, பேரம் பேசிப் பேசியே பொழுதைக் கழிக்கிற ஆளை எப்படிக் கழற்றிவிடுவது, எல்லாம் அங்கே ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்ததுதான்.

பகல் முழுக்க நால்வருக்கும் வாட்ஸப் கால் ஓடிக்கொண்டே இருக்கும். பேசுகிறார்களோ இல்லையோ, போன் திறந்திருக்கும். கேக்குக்காரி வீட்டில் மாவு அடிக்கிற மிஷின் சத்தம், சோப்புக்காரி வீட்டில் பேத்தியின் அழுகை, இங்கே பெடல். கேக்குக்காரிக்குச் சர்க்கரை வியாதி. "இனிப்பெல்லாம் ஊருக்கு, மாத்திரை எனக்கு" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கம்பளி நூலில் பொம்மை பின்னுகிறவள்தான் நால்வரில் சத்தக்காரி. யார் வீட்டில் என்ன சங்கடம் என்றாலும் பொம்மைக்காரியிடம் ஒரு வழி இருக்கும். சோப்புக்காரியின் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றைக்கு அவள் சொன்னாள்: "இவ்வளவுக்கா அழுவே? செருப்பை மாட்டு, தெருவுல இறங்கு, ஒரு சுத்து சுத்திட்டு வா. அவங்களே டீ போட்டு வெச்சிருப்பாங்க. நான் கிளம்பினா எங்க வீட்டுல எங்க போறேன்னு கேக்க ஆளு கிடையாது."

மற்ற மூவரும் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டது அவளைத்தான்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. ஜன்னலைச் சாத்தியும் சாரல் எப்படியோ உள்ளே வந்து தரையில் ஈரம் காயவில்லை. கட்டிலிலிருந்து அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது சட்டைக்காரிக்குக் கால் வழுக்கியது. அவர் முழு எடையும் அவள்மேல் சாய்ந்து, இருவரும் கட்டிலுக்கும் மிஷினுக்கும் நடுவிலிருந்த சந்தில் விழுந்தார்கள். அவர் அவள் கால்களின்மேல் கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. போன் மிஷின்மேல் இருந்தது. கைக்கு எட்டாது. ஆனால் வாட்ஸப் கால் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம் அங்க?" சோப்புக்காரியின் குரல்.

"விழுந்துட்டோம்" என்றாள் சட்டைக்காரி.

"சரி" என்றார் அவர், அவள் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து.

கேக்குக்காரி ஐயோ ஐயோ என்று அழ ஆரம்பித்தாள். "அழறதை நிறுத்து கேக்கு" என்று பொம்மைக்காரி அதட்டினாள். "சட்டை, அவருக்கு ரத்தம் வருதா பாரு."

"இல்ல. தலை என் தொடைமேலதான் இருக்கு."

"மூச்சு நல்லா விடுறாரா? சரி. கத்தினா பக்கத்துல யாருக்காவது கேக்குமா?"

"மழையில எவனுக்குக் கேக்கும்? உள்தாழ்ப்பாள் வேற போட்டிருக்கேன்."

"சோப்பு, உன் பார்சலைச் சட்டைக்குக் கொண்டுபோய்க் குடுத்தாரே ஒருத்தர், அவர் நம்பர் உன்கிட்ட இருக்கும். இன்னொரு போன்லேருந்து கூப்பிடு. கதவை உடைக்கச் சொல்லு. சட்டை, நீ பேசிக்கிட்டே இரு. வலிச்சா திட்டு. யாரை வேணும்னாலும் திட்டு."

மழைச் சத்தத்துக்கு நடுவே பொம்மைக்காரி பேசிக்கொண்டே இருந்தாள். அவள் பேரன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்குப் பட்டப்பேர் வைத்த கதை, கம்பளி நூலைக் கரப்பான் தின்ற கதை. நடுநடுவே, "காலு மரத்துப் போச்சா? விரலை ஆட்டு" என்பாள். சட்டைக்காரிக்கு ஒரு கட்டத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குரலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பார்சல்காரர் நனைந்துகொண்டு வந்து, கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு ஏறினார். இருவரும் சேர்ந்து உதைத்ததில் தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்துகொண்டு வந்தது.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எலக்ட்ரீஷியன் சும்மா இருக்கவில்லை, மகனுக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலம் மகன் பையும் கையுமாக வந்து நின்றான். பிய்ந்து தொங்கிய தாழ்ப்பாளைப் பார்த்தான். அம்மாவின் காலில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"போதும்மா" என்றான். "இதுக்கு மேல என்னால முடியாது. ரெண்டு பேரும் கிளம்புங்க."

"எங்கடா?"

"எங்க வீட்டுக்குத்தான். லிஃப்ட் இருக்கு. அப்பாவுக்குத் தனி ரூம் ஒழிச்சுட்டோம். பகல்ல பாத்துக்க ஆளு பேசியாச்சு. குட்டியும் பாட்டி எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுரலாம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ஒண்ணும் பண்ண வேண்டாமா?"

"ஒண்ணுமே பண்ண வேண்டாம். சும்மா இரு. இத்தனை நாள் பட்டதுக்கு."

அவள் மிஷின்மேல் கிடந்த பாதிச் சட்டையை மடித்தாள். "மிஷினை எங்க போடறது?"

"அது எதுக்கும்மா அங்க? உன் மருமக ராத்திரி வேலை முடிச்சுட்டுப் பகல்லதான் தூங்குறா. சுவர் வேற மெல்லிசு. தும்மினா பக்கத்து வீட்டுல கேக்குது. அதை யாருக்காவது குடுத்துரு."

அவன் சொன்னதில் எதுவும் தப்பில்லை. சண்டை போடுகிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவன் கண் கலங்கியிருந்தது. அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககூட வந்துடுறீங்களாப்பா?" என்று கேட்டான்.

"சரி" என்றார் அவர்.

"பாத்தியா. அப்பாவே சொல்லிட்டாரு."

"இங்கயே இருக்கலாமான்னு கேளு."

மகன் அவளைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "இங்கயே இருக்கணுமாப்பா?" என்றான்.

"சரி. சரி" என்றார் அவர்.

மகனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. சட்டைக்காரி அவர் முகத்தையே பார்த்தாள். பசிக்கிற சரி எது, வலிக்கிற சரி எது என்று அவளுக்குத் தெரியும். இது எந்தச் சரி என்று தெரியவில்லை.

மகன் ஒரு வாரம் விடுப்பு போட்டிருந்தான். சாமான் ஏற்ற வண்டி பேசப் போனவன், அம்மா சரி என்று சொல்லவில்லையே என்பதைக் கவனிக்கவில்லை. அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழுவில் மட்டும் சொன்னாள்.

கேக்குக்காரி உடனே, "போயிடு அக்கா" என்றாள். "கூப்பிட ஒரு பிள்ளை இருக்கானே. எனக்கெல்லாம் பண்டிகைக்கு ஒரு போன் வந்தாலே பெரிய விஷயம். கௌரவம் பாக்காதே, போயிடு."

"அப்ப சட்டை யாரு தைப்பா?" என்றாள் சோப்புக்காரி. "நேத்துகூட ஒரு பொண்ணு கேட்டா. அவங்க அப்பாவுக்குக் கழுத்துல குழாய் போட்டிருக்காம்."

"உனக்கு உன் துண்டுச்சீட்டுக் கவலை."

"என் கவலை அது இல்ல கேக்கு. இவ தைக்காம இருந்து நான் பாத்ததே இல்ல. அதைச் சொல்றேன்."

பொம்மைக்காரி வழக்கத்துக்கு மாறாகக் கடைசியில்தான் பேசினாள். சத்தம் போடாமல் பேசினாள். "போகாதே சட்டை. முதல்ல உன் நல்லதுக்குத்தான் எல்லாம் பண்ணுவாங்க. அப்புறம் அதைத் திருப்பி எடுக்கணும்னு யாருக்கும் தோணாது." பிறகு பழையபடி குரலை உயர்த்தினாள். "நானா இருந்தா போடா வேலையைப் பாத்துக்கிட்டுன்னு சொல்லியிருப்பேன்."

அங்கே போனால் குழுவில் கால் போட்டுப் பேசவும் முடியாது, பகலில் மருமகள் தூங்குவாள் என்று சட்டைக்காரி நினைத்தாள். தான் தரையில் கிடந்தபோது விடாமல் பேசியவளின் முகத்தையாவது ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று தோன்றியது. விலாசம் தெரியும். அங்கே நூல் அனுப்பியிருக்கிறாள். பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரம்தான்.

மறுநாள் மகனிடம், "இன்னிக்கு அப்பாவைப் பாத்துக்க. நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வரணும்" என்றாள்.

"நீயா? எங்க?"

"கூட்டாளி வீட்டுக்கு."

அம்மாவுக்குக் கூட்டாளி உண்டு என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. கஞ்சி எப்படிக் கொடுப்பது, எந்தப் பக்கம் எப்போது திருப்புவது என்று சொல்லிவிட்டு, காலைத் தாங்கித் தாங்கி மாடிப்படி இறங்கினாள். தெருவில் வெயில் முகத்தில் அடித்தது. கூடையில் ஏறி வந்த சாமான்களையெல்லாம் கடைகளில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, ஏதோ வேற்றூருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பொம்மைக்காரியிடம் வருவதாகச் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்வாள். முன்பு கேக்குக்காரி ஒருமுறை வரட்டுமா என்று கேட்டபோது, வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் வெள்ளையடித்தாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். விலாசத்தில் இருந்த வீட்டுக்கு முன்னால் இரும்புக் கம்பிக் கதவு. அதில் வெளிப்பக்கம் கைப்பிடி அளவு ஒரு பூட்டு தொங்கியது. ஆள் இல்லை போலிருக்கிறது, தெருவைச் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று சட்டைக்காரி நினைத்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. யாரிடமோ போனில் கம்பளி நூலின் நிறத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

"பொம்மை" என்று கூப்பிட்டாள்.

குரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, குள்ளமாக, மெலிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு பெண் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்தக் குரலுக்கு ஆள் இவ்வளவுதானா என்று இருந்தது.

"நீ சட்டைதானே" என்றாள் பொம்மைக்காரி. முகத்தில் சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியவில்லை. "சொல்லிட்டு வரக்கூடாதா?"

"கதவைத் திற."

பொம்மைக்காரி பூட்டைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். "அவங்க வந்தாதான்" என்றாள்.

சட்டைக்காரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போய் வந்த பொம்மைக்காரி ஒரு டம்ளர் தண்ணீரைக் கம்பி இடுக்கில் சாய்த்துப் பிடித்துக் கொடுத்தாள். டம்ளர் முழுதாக இடுக்கில் நுழையாது என்பதால், சட்டைக்காரி குடித்து முடிக்கும்வரை அவளே சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பழக்கப்பட்ட கை.

"எத்தனை நாளா இப்படி?"

"பேரன் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவனைத் தூங்கப் போட்டுட்டு, ஒரு பொம்மையை அனுப்பிட்டு வந்துரலாம்னு முனை வரைக்கும் போனேன். கூட்டமா இருந்துச்சு. அவன் முழிச்சு, அழுது, சமையக்கட்டுல போய் கையைச் சுட்டுக்கிட்டான். அன்னிலேருந்து மகனும் மருமகளும் வேலைக்குப் போறப்போ பூட்டிட்டுப் போவாங்க." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "தப்பு என்னோடதுதானே. நான் ஒண்ணும் சொல்லல."

"அவன் இப்ப பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாருக்குப் பேரு வைக்கிறான்."

"ஆமா. வளந்துட்டான்."

"அப்ப பூட்டு?"

"அது அப்படியே இருந்துருச்சு."

தெருவில் ஒரு நாய் வந்து சட்டைக்காரியின் பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. பொம்மைக்காரி மடியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக் காட்டினாள். ஒரு முயல். "கேக்குறவங்கல்லாம் பெருசா வேணும்னு கேக்குறாங்க. பெருசு பண்ணா இதுல போகாதே" என்று கம்பி இடுக்கைக் காட்டிச் சிரித்தாள். சட்டைக்காரியால் சிரிக்க முடியவில்லை.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? பாவம்னு பேசுவீங்க. கேக்கு அழுவா. எல்லா இடத்துலயும் நான் பாவம்தான். அந்தப் போன்ல ஒரு இடத்துலயாவது பாவம் இல்லாம இருந்துட்டுப் போறேனே."

"செருப்பை மாட்டு, தெருவுல இறங்குன்னு எல்லாருக்கும் சொன்னியே."

"சொன்னேன். பொய்யா சொன்னேன்? நீங்க போவீங்கதானே. அதான் சொன்னேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டைக்காரி கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டு உள்ளே நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தில் பருப்பு வந்தது, கிண்ணம் நுழையாததால் கரண்டி கரண்டியாக. போனில் பேசினால் மூச்சு விடாமல் பேசுகிறவர்களுக்கு நேரில் அவ்வளவாகப் பேச்சு வரவில்லை. முதுகில் கம்பி அழுத்திய இடம் மட்டும் இருவருக்கும் ஒரே மாதிரி வலித்தது. திரும்ப வேண்டிய பஸ் போய்விடும் என்று தெரிந்தும் சட்டைக்காரி எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மருமகள் வந்தாள். வேலைக்குப் போகிற சீருடை, ஒரு கையில் பையனுடைய பள்ளிக்கூடப் பை, மறுகையில் காய்கறி. நின்றே பயணம் செய்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பின்னால் வந்த பையன் விரலில் சாவியைச் சுற்றிக்கொண்டே போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு உள்ளே ஓடினான்.

"நீங்க யாரு?"

"இவங்ககூட வியாபாரம் பண்றவ."

மருமகள் படியில் கிடந்த ரொட்டித் துணுக்கைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். முகம் சிவந்தது. "காலையிலேருந்து இங்கயா இருக்கீங்க? அத்தை, ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

பொம்மைக்காரி கரண்டியை எடுத்துக் கிண்ணத்துக்குள் போட்டாள்.

"நான் குறை சொல்ல வரலம்மா" என்றாள் சட்டைக்காரி. "இந்த வாரம் நான் வீட்டுக்குள்ள விழுந்து கிடந்தேன். நானே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு. உங்க அத்தைதான் போன்ல ஆளை வரவெச்சு என்னைக் காப்பாத்துனாங்க. அவங்க விழுந்தா இந்தக் கதவை யாரு உடைப்பாங்க?"

"பாதுகாப்புக்குத்தான் பூட்டுறோம். வெளிய போகணும்னு அவங்க ஒருநாளும் கேட்டதில்ல."

"கேட்டிருக்க மாட்டாங்க. ஒரு சாவி உள்ள இருக்கட்டுமே."

"அவர் வரட்டும், சொல்றேன்" என்றாள் மருமகள். பிறகு என்ன தோன்றியதோ, "உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று சட்டைக்காரி கிளம்பினாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. வழியனுப்ப எழுந்த பொம்மைக்காரி வாசலுக்கு உள்ளேயே நின்றுகொண்டாள். படியில் காலை வைக்கவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் அப்படியேதான் நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் கஞ்சி. "மூணு தடவை துப்பிட்டாரு. திருப்பப் போனா கையை இறுக்கிப் பிடிச்சுக்கிறாரு" என்றான். "எப்படிம்மா தினமும்?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாங்க வரலடா" என்றாள்.

அவன் உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றான். "மறுபடியும் விழுந்தா?"

"விழுவேன்தான். தாழ்ப்பாளைத் திரும்ப வைக்க வேண்டாம். பூட்டு மட்டும் போதும். கீழ்வீட்டுல ஒரு சாவி இருக்கட்டும். பகல்ல பாத்துக்க ஆளு பேசினேன்னியே, அதை இங்க பேசு. தூக்கி உட்கார வைக்கிறப்போ ஒரு கை இருந்தா போதும்."

"நான் என்ன உன்னை ஜெயிலுக்கா கூப்பிட்டேன்?"

"இல்லடா. நீ நல்லதுக்குத்தான் கூப்பிட்டே."

"அப்புறம் என்ன?"

கம்பிக்குப் பின்னால் ஒருத்தி டம்ளரைச் சாய்த்துப் பிடித்ததை இவனிடம் எப்படிச் சொல்வது? இவன் பூட்டுகிற பிள்ளையும் இல்லை. "எனக்குச் சும்மா இருக்க வராது" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் அவன் சரியாகப் பேசவில்லை. ஆனால் காலையில் வந்து போக ஓர் அம்மாளைப் பேசி அமர்த்தினான், கதவுக்குப் புதுப் பூட்டு போட்டான், ஒரு சாவியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தான். கிளம்பும்போது, "அங்க இருந்தா அப்பாவை லிஃப்ட்ல இறக்கித் தினமும் வெளிய கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றான். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது. அவன் ஸ்கூட்டரில் ஏறிப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இந்த அறையை விட்டு இனி வெளியே போகப்போவதில்லை. அதைத் தீர்மானித்தவள் அவள்தான். அன்றைக்கு மிஷினில் உட்காரவில்லை.

அதற்கப்புறமும் பகல் முழுக்க நால்வருக்கும் வாட்ஸப் கால் ஓடியது. பொம்மைக்காரி பழையபடியே சத்தம் போட்டாள், யோசனை சொன்னாள். சட்டைக்காரி அவளைப் பார்த்துவிட்டு வந்ததை மற்ற இருவரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் கேக்குக்காரி தூங்கப் போய்விட்டாள். சோப்புக்காரி பேத்தியைக் கூட்டிவரப் போயிருந்தாள். இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"சட்டை" என்றாள் பொம்மைக்காரி. தாழ்ந்த குரல். "இன்னிக்கு மருமக சாவியை மேசைமேல வெச்சுட்டுப் போயிருக்கா. பூட்டு உள்பக்கமா தொங்குது."

சட்டைக்காரி பெடலை நிறுத்தினாள். "எப்பலேருந்து?"

"காலையிலேருந்து. ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டுப் போயிட்டா."

"போனியா?"

"இல்ல. ரெண்டு தடவை கிட்டப் போய்ட்டு வந்துட்டேன். எதுக்குப் போகணும், எனக்கு என்ன வேலை வெளிய?"

"ஒரு வேலையும் வேண்டாம். போனைக் கையில வெச்சுக்க. நான் இருக்கேன்."

மேசைமேலிருந்து சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு சாவி பூட்டில் உரசுகிற சத்தம். இரும்புக் கதவு கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம், நின்று, பிறகு மறுபடி. மூச்சு வாங்குவது போனில் பெரிதாகக் கேட்டது. ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போயிற்று. யாரோ பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சட்டைக்காரி போனைக் காதிலிருந்து எடுத்து, ஒலியை ஏற்றி, கட்டிலில் அவர் தலையணைமேல் வைத்தாள். மிஷின் நின்றதால் அவர் விழித்துக்கொண்டிருந்தார். கண்ணை அகலமாக்கி அந்தச் சத்தங்களைக் கேட்டார்.

"எங்க இருக்கே?"

"மூணு வீடு தாண்டிட்டேன். இங்க ஒரு கடை இருந்துச்சு, இப்ப இல்ல. எதிர்ல யாரோ பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"காலு நடுங்குது சட்டை. வேர்த்துக் கொட்டுது. முனை வரைக்கும் என்னால முடியாது."

"முடியலேன்னா திரும்பிடு."

"திரும்பிடவா?"

"திரும்பு. நாளைக்கு முனை வரைக்கும் போகலாம்."

போனில் செருப்புச் சத்தம் திரும்பிக் கொண்டிருந்தது. சட்டைக்காரி கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, வெளியே தெரியட்டும் என்று ஜன்னல் இருக்கிற பக்கமாக மெல்லப் புரட்டினாள்.